எம்ஜிபி காரின் பின் ஆக்சிலில் எந்த டிஃபரன்ஷியல் இருக்கிறது? அடியில் படுத்துக் கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

இங்கிலாந்தில் இருக்கும் நண்பர் ஒருவர் 1966-ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் ஒன்றை, அதாவது எம்ஜி-யின் கூரை திறக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை, வாங்கினார். சிவப்பு நிறம், ஸ்போக் வீல், பார்த்தால் கண் எடுக்க முடியாது. ஆனால் வலது பின் சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் ஆயில். சீல்தானே போயிருக்கிறது, மாற்றிவிடலாம் என்று ஆர்டர் போட்டார். 1966, ரோட்ஸ்டர், அப்படியென்றால் பாஞ்சோ ஆக்சில் (எம்ஜிபி-யின் இரண்டு வகைப் பின் ஆக்சில்களில் பழையது), அதற்கான சீல். வந்தது பொருந்தவில்லை. கடைக்காரர்தான் தப்பாக அனுப்பிவிட்டார் என்று வேறு கடையில் அதையே மறுபடி வாங்கினார். அதுவும் பொருந்தவில்லை. மூன்றாவது வாரம் என்னைக் கூப்பிட்டார். போய்க் காருக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன், பத்து விநாடிகூட ஆகவில்லை. ஆக்சிலின் பின்பக்கம் சுற்றிலும் போல்ட் போட்ட ஒரு தகர மூடி. அது பாஞ்சோவே இல்லை. முன்பு வைத்திருந்த யாரோ ஒருவர், எப்போதோ, வேறொரு எம்ஜிபி-யிலிருந்து ஆக்சிலை முழுதாகக் கழற்றிக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார். ஆர்சி புத்தகத்தில் அதெல்லாம் ஏறாது.

ஐம்பது அறுபது வயதான கார்களில் இது சகஜம். வருஷத்தை வைத்துப் பாகம் வாங்குவது குருட்டடி. எனவே கீழே சொல்வது முழுக்கக் கண்ணால் பார்த்து, கையால் சுற்றி, எண்ணிப் பார்க்கும் வேலை. நான்கு விஷயங்கள் தெரியவேண்டும்: ஹவுசிங் (ஆக்சிலின் வெளிக்கூடு) எந்த வகை, அது ஸ்போக் வீலுக்கான ஆக்சிலா சாதா வீலுக்கானதா, கிரவுன் பினியன் ரேஷியோ (சின்னப் பல்சக்கரமான பினியன் எத்தனை சுற்று சுற்றினால் அது சுழற்றும் பெரிய கிரவுன் வீல் ஒரு சுற்று சுற்றும்) என்ன, உள்ளே இருப்பது இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் தாராளமாகச் சுற்ற விடும் சாதாரண ஓப்பன் டிஃபரன்ஷியலா அல்லது அந்த வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டெட் ஸ்லிப் வகையை யாராவது மாட்டியிருக்கிறார்களா.

முதலில் காகிதத்தில் என்ன இருக்கவேண்டும் என்று பார்த்துவிடுவோம். எம்ஜிபி 1962-இல் அபிங்டன் தொழிற்சாலையில் தொடங்கி 1980 வரை தயாரானது. ரோட்ஸ்டர் வந்தபோது அதற்கு முந்தைய மாடலான எம்ஜிஏ-வில் இருந்த பாஞ்சோ ஆக்சிலின் வழியிலேயே வந்தது. 1965 அக்டோபரில் கூரை வைத்த ஜிடி வந்தபோது, அதற்கு முதல் நாளிலிருந்தே சாலிஸ்பரி வகை ஆக்சில் கொடுத்தார்கள். இதைத்தான் எம்ஜி-காரர்கள் டியூப் ஆக்சில் என்பார்கள். ரோட்ஸ்டருக்கு அது 1967-இல்தான் வந்தது. ஆக 1966-இல் ஒரே தொழிற்சாலையிலிருந்து ஒரே பெயரில் இரண்டு விதமான ஆக்சில்கள் வெளியே போய்க்கொண்டிருந்தன. சேசிஸ் நம்பரின் தொடக்கத்தைப் பாருங்கள்: ஜிஎச்என்3 என்றால் முதல் தலைமுறை ரோட்ஸ்டர், ஜிஎச்டி3 என்றால் முதல் தலைமுறை ஜிடி. ஜிஎச்டி என்று எது தொடங்கினாலும் டியூப் இருக்கவேண்டும், ஜிஎச்என்4-க்குப் பிறகும் டியூப்தான். ஜிஎச்என்3-இல் மட்டும் இரண்டும் உண்டு. இது வெறும் எதிர்பார்ப்பு, அவ்வளவுதான். இனி அடியில் போவோம்.

காரைத் தூக்கும் முன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். எம்ஜிபி-யின் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களில்தான் பிடிக்கிறது. பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக்கால் ஒரு பயனும் இல்லை. ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டு, கியரில்தானே இருக்கிறது, கார் நகராது என்று நினைப்பதும் தப்பு. ஓப்பன் டிஃபரன்ஷியலில் தூக்கிய சக்கரம் காற்றில் சுற்றும், தரையில் இருக்கும் சக்கரம் தன் இஷ்டத்துக்கு உருளும். எனவே சமதளத் தரை, இரண்டு முன் சக்கரங்களுக்கும் முன்னாலும் பின்னாலும் கட்டை, அப்புறம்தான் ஜாக்கி. தூக்கியதும் ஆக்சில் குழாய்க்கு அடியில், லீஃப் ஸ்பிரிங் பக்கத்தில் ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே போகிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. இன்னொன்று, டியூப் ஆக்சிலில் ஜாக்கியின் தலையைப் பின் மூடிக்கு வைக்காதீர்கள். அது மெல்லிய தகடு, நெளிந்தால் ஆயில் ஒழுகத் தொடங்கும். வார்ப்பிரும்பு உடலுக்குத்தான் வைக்கவேண்டும்.

டார்ச், வயர் பிரஷ், சாக்பீஸ், பழைய துணி. இவ்வளவு போதும்.

ஹவுசிங்: பாஞ்சோவா, டியூப்பா

காரின் பின்னால் போய்க் குனியுங்கள். நடுவில் இருக்கும் உருண்டையான பாகத்தைப் பாருங்கள். பின்பக்கம் வழுவழுவென்று, வடைச்சட்டியைக் கவிழ்த்துவைத்த மாதிரி, போல்ட் எதுவும் இல்லாமல் இருந்தால் அது பாஞ்சோ. பாஞ்சோ வாத்தியத்தின் வட்டத் தலையும் நீண்ட கழுத்தும் போல இருப்பதால் அந்தப் பெயர். அழுத்திச் செய்த தகட்டை வெல்ட் பண்ணிய கூடு அது. டிஃபரன்ஷியல் மொத்தமும் முன்பக்கத்திலிருந்து உள்ளே நுழைந்து உட்கார்ந்திருக்கும். ஆகவே நட்டுகளின் வளையம் முன்பக்கம், கியர்பாக்ஸிலிருந்து புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் இடத்தைச் சுற்றித் தெரியும். அம்பாசடரின் பின்னால் குனிந்து பார்த்தவர்களுக்கு இந்த வடிவம் புதிதாக இருக்காது; அதுவும் எம்ஜி-யையும் வைத்திருந்த பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) குடும்பத்து மாரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்த கார்தான்.

டியூப் ஆக்சில் இதற்கு நேரெதிர். நடுவில் கனமான வார்ப்பிரும்பு உடல், அதன் இரண்டு பக்கமும் எஃகுக் குழாய்களைச் செருகியிருப்பார்கள். பின்பக்கம் தகட்டு மூடி, சுற்றிலும் போல்ட். முன்பக்கம் கழற்றுவதற்கு நட்டு வளையம் கிடையாது, பினியன் இருக்கும் மூக்குப் பகுதியும் உடலும் ஒரே வார்ப்பு. ஆக விஷயம் சுலபம்: போல்ட் பின்னால் இருந்தால் டியூப், முன்னால் இருந்தால் பாஞ்சோ. முப்பது வருஷத்து கிரீஸும் சேறும் அப்பியிருந்தால் முதலில் வயர் பிரஷால் தேய்த்துவிட்டுப் பாருங்கள். பாஞ்சோவில் ஒட்டிய அழுக்குக் கட்டியை போல்ட் என்று நினைத்தவர்கள் உண்டு.

காருக்கு அடியில் போகப் பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. சாதா வீல் என்றால் ஹப் கேப்பை எடுங்கள், ஸ்போக் வீல் என்றால் நடு நட்டை அடித்துக் கழற்றிச் சக்கரத்தையே எடுத்துவிட்டு, பல்வரி உள்ள ஹப்பின் உள்ளே டார்ச் அடியுங்கள். கோட்டை மதில் போல வெட்டு வெட்டாக இருக்கும் பெரிய நட்டு, அதன் குறுக்கே ஒரு ஸ்பிளிட் பின் தெரிந்தால் டியூப் ஆக்சில். பாஞ்சோவில் இந்த நட்டு வெளியே தெரியாது. சாதா வீல் பாஞ்சோவில் ஆக்சில் ஷாஃப்ட்டின் தட்டையான முகம்தான் தெரியும், ஹப்பைப் பிடிக்கும் பெரிய நட்டு அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இரண்டு வழியிலும் பார்த்துவிடுவது நல்லது, இரண்டும் ஒரே பதிலைத்தான் சொல்லவேண்டும்.

இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. சீல், பேரிங், ஆக்சில் ஷாஃப்ட் எல்லாம் இரண்டுக்கும் வேறு வேறு. ஆயில் அளவும் வேறு: பாஞ்சோ சுமார் 1.3 லிட்டர் குடிக்கும், டியூப்புக்கு 0.85 லிட்டர் போதும். டியூப் ஆக்சிலில் 1.3 லிட்டரை எப்படியோ திணித்துவிட்டு, பிறகு பிரேக் டிரம்முக்குள் ஆயில் வந்துவிட்டது என்று புலம்பினால் யார் என்ன செய்ய முடியும்? புரொப்பல்லர் ஷாஃப்ட் வாங்கும்போதும் கியர்பாக்ஸ் வகையோடு ஆக்சில் வகையையும் சேர்த்துச் சொல்லுங்கள், நீளம் மாறும்.

ஸ்போக் வீல் ஆக்சிலா, சாதா வீல் ஆக்சிலா

சக்கரத்தைப் பார்த்தாலே தெரியுமே என்பீர்கள். தெரியாது. டியூப் ஆக்சிலில் ஸ்போக் வீலுக்கான ஆக்சில் கொஞ்சம் குறுகலானது, ஏனென்றால் ஸ்போக் வீலின் ஹப் வெளியே நீண்டிருக்கும். சாதா வீல் கார் வைத்திருப்பவர் அழகுக்காக நான்கு போல்டில் மாட்டும் மாற்று ஹப் வாங்கி ஸ்போக் வீல் போட்டால், அகலமான ஆக்சிலில் அகலமான ஹப் சேர்ந்து சக்கரம் வெளியே தள்ளும். வளைவில் திரும்பும்போது டயர் பாடியில் உரசுகிறது என்று வரும் கார்களில் இதையும் பாருங்கள். ஹப்பைப் பிடித்திருப்பது என்ன என்று பாருங்கள்: ஹப்பை நடுவில் ஒரே நட்டு பிடித்திருந்தால் அசல் ஸ்போக் வீல் ஆக்சில், பல்வரி ஹப்பையே நான்கு நட்டுகள் பிடித்திருந்தால் மாற்று; அசலிலும் பிரேக் டிரம்மைப் பிடிக்கும் நான்கு நட்டுகள் உண்டு, அவற்றோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நான்குக்குப் பதில் ஐந்து போல்ட் தெரிந்தால் உஷார். 1967 முதல் 1969 வரை வந்த ஆறு சிலிண்டர் எம்ஜிசி-யில் ஐந்து போல்ட் உண்டு. அப்படி ஒரு ஆக்சில் சாதாரண எம்ஜிபி-யில் இருந்தால் ரேஷியோவும் பெரும்பாலும் வேறாகத்தான் இருக்கும்.

ரேஷியோ: சாக்பீஸும் பொறுமையும்

நான்கு சிலிண்டர் எம்ஜிபி எல்லாவற்றுக்கும், பாஞ்சோவோ டியூப்போ, தொழிற்சாலை கொடுத்த ரேஷியோ 3.909. பினியனில் 11 பல், கிரவுன் வீலில் 43 பல். 1973 முதல் 1976 வரை வந்த எட்டு சிலிண்டர் எம்ஜிபி ஜிடி வி8-க்கு 3.07, அதாவது 14-க்கு 43. எம்ஜிசி-யில் மூன்று விதம்: 3.07, 3.31 (13-க்கு 43), 3.7 (10-க்கு 37). பாஞ்சோ என்றால் எம்ஜிஏ-வின் டிஃபரன்ஷியல் அப்படியே உள்ளே போய் உட்காரும், எனவே 4.3 (10-க்கு 43) அல்லது எம்ஜிஏ மார்க் 2-இன் 4.1 (10-க்கு 41) இருக்கவும் வாய்ப்புண்டு.

எண்ணும் முறை இது. இடது பின் சக்கரம் தரையிலேயே இருக்கட்டும், வலது சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். கட்டைகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று மறுபடி பாருங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் விடுவிக்கப்பட்டு. டயரின் பக்கவாட்டில் ஒரு சாக்பீஸ் கோடு, அதற்கு நேராக மட்கார்டில் ஒரு கோடு. புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் பின் முனையில், பினியன் ஃபிளேஞ்சில் ஒரு கோடு, அதற்கு நேராக ஹவுசிங்கில் ஒரு கோடு. ஒருவர் சக்கரத்தைச் சுற்றவேண்டும், இன்னொருவர் காருக்கு அடியில் படுத்து ஷாஃப்ட்டின் சுற்றுகளை எண்ணவேண்டும். அடியில் படுப்பது யார் என்பதில்தான் எங்கள் வீட்டில் எப்போதும் சண்டை.

ஒரு சக்கரம் நின்று மற்றது மட்டும் சுற்றும்போது, சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால் கிரவுன் வீல் ஒரு சுற்றுதான் சுற்றும். டிஃபரன்ஷியலின் வேலையே அதுதான், இரண்டு பக்கத்தின் சராசரி. எனவே சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே ரேஷியோ. ஆனால் இரண்டே சுற்றில் எண்ணினால் 3.909-க்கும் 4.1-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம், பல் இடைவெளியின் ஆட்டமே குழப்பிவிடும். இருபது சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் 39 சுற்றும் துளியும் வந்தால் 3.909. 31-க்குக் கொஞ்சம் குறைவு என்றால் 3.07. 33 சொச்சம் 3.31, சரியாக 37 வந்தால் 3.7, 41 என்றால் 4.1, 43 என்றால் 4.3. தொடங்கும்போது சக்கரத்தைச் சுற்றும் திசையில் லேசாக இழுத்து ஆட்டத்தை எடுத்துவிட்டு அப்புறம் கோடு போடுங்கள். நடுவில் எண்ணிக்கை மறந்தால் வெட்கப்படாமல் முதலிலிருந்து தொடங்குங்கள்.

இருபது சுற்று சுற்றும்போதே கையும் காதும் சில விஷயங்களைச் சொல்லும். சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினால் ஷாஃப்ட் அசைவதற்கு முன் சக்கரம் எவ்வளவு தூரம் சும்மா போகிறது என்று பாருங்கள். டியூப் ஆக்சிலில் த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்து, கிளட்சை விடும்போது பின்னாலிருந்து டங் என்று ஒரு சத்தம் வருவது மிகப் பழைய புகார். அதற்காக உடனே ஆக்சிலை மாற்றவேண்டாம், வாஷர் மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஓட்டிப் பார்த்துச் சொல்லவும் முடியும், ஆனால் அது உத்தேசம்தான். நான்காவது கியர் நேரடி கியர், ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) இருந்தால் அணைத்திருக்கவேண்டும். எஞ்சின் 3,000 சுற்றில் நிலையாக ஓடும்போது போனில் ஜிபிஎஸ் வேகம் மணிக்கு 86 முதல் 88 கிலோமீட்டர் காட்டினால், டயர் வழக்கமான 165 அளவு 14 அங்குலம் என்றால், 3.909. அதே 3,000-இல் 110-ஐ நெருங்கினால் 3.07. பழைய டேக்கோமீட்டர் பொய் சொல்லும், காரின் ஸ்பீடோமீட்டரோ அதைவிடப் பெரிய பொய்யன். 3.909-ஐயும் 4.1-ஐயும் இந்த முறையில் பிரிக்க முயலாதீர்கள்.

மூடியைத் திறந்து பார்ப்பது

டியூப் ஆக்சிலில் மட்டும் இந்த வசதி. ஆயில் ஊற்றும் பிளக்கைத்தான் முதலில் திறக்கவேண்டும். வடிப்பதை முதலில் வடித்துவிட்டு, பிறகு ஊற்றும் பிளக் துருப்பிடித்துத் திறக்க வரவில்லை என்றால் கார் அங்கேயே நிற்கும். ஊற்றும் பிளக் திறந்ததா, சரி, இப்போது அடியில் பாத்திரம் வைத்து மூடியின் போல்டுகளைத் தளர்த்துங்கள். பழைய ஹைப்பாய்டு ஆயிலின் வாடை கையை விட்டு இரண்டு நாள் போகாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அடியில் மெல்லிய சாம்பல் நிறப் பசை படிந்திருந்தால் பயமில்லை. பளபளக்கும் செதில்களோ பல்லின் துண்டோ கிடந்தால் ரேஷியோவை மறந்துவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள்.

துணியால் துடைத்துவிட்டு கிரவுன் வீலின் விளிம்பை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பல் எண்ணிக்கை அங்கே பொறித்திருக்கும், 11-ம் 43-ம் பக்கத்தில் பக்கத்தில். கூடவே பினியனோடு ஜோடி சேர்க்கும் எண்ணும் இருக்கும், அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொறித்தது அழிந்துபோயிருந்தால் பல்லை எண்ணவேண்டியதுதான். இங்கேதான் பலர் விழுகிறார்கள். கிரவுன் வீலை எண்ணுவார்கள், 43 வரும், ஆகா 3.909 என்று மூடிவிடுவார்கள். மேலே சொன்ன எண்களைத் திரும்பப் பாருங்கள்: 3.07, 3.31, 3.909, 4.3 நான்குக்கும் கிரவுன் வீலில் 43 பல்தான். வித்தியாசம் முழுக்கப் பினியனில். அதுவோ பாதி மறைந்திருக்கும். ஆகவே கிரவுன் வீலை மட்டும் எண்ணுவதில் பிரயோஜனமில்லை. பொறித்ததைப் படியுங்கள், இல்லாவிட்டால் ஷாஃப்ட் சுற்றை எண்ணுங்கள்.

மூடும்போது புது கேஸ்கெட் போடுங்கள். காரைச் சமதளத்தில் இறக்கி, ஊற்றும் துளையிலிருந்து லேசாக வழியத் தொடங்கும்வரை ஈபி90 கியர் ஆயில் ஊற்றி, வழிவது நின்றதும் பிளக்கை மூடுங்கள்.

பாஞ்சோவில் உள்ளே பார்க்கவேண்டும் என்றால் இரண்டு ஆக்சில் ஷாஃப்ட்டையும் உருவி, புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி, டிஃபரன்ஷியலை முன்னால் இழுக்கவேண்டும். வெறுமனே ரேஷியோ தெரிந்துகொள்ள இவ்வளவு வேலை செய்யாதீர்கள்.

லிமிட்டெட் ஸ்லிப் இருக்கிறதா

சாலைக்கு விற்ற எம்ஜிபி-யில் வழக்கமாக இருப்பது ஓப்பன் டிஃபரன்ஷியல்தான். ஆனால் ரேஸ், ஹில்கிளைம்ப் என்று ஓடிய கார்களில் யாராவது மாற்றியிருக்கலாம். இப்போது இரண்டு பின் சக்கரத்தையும் தூக்குங்கள், கட்டை விஷயத்தில் முன்பைவிடக் கவனம். கியரைப் போடுங்கள், ஷாஃப்ட் பூட்டிக்கொள்ளும். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்ற சக்கரம் எதிர்த்திசையில் தடையில்லாமல் சுற்றினால் ஓப்பன். சக்கரம் அசையவே மறுத்து, முழு பலத்தில் தள்ளினால்தான் முனகிக்கொண்டு நகர்ந்தால் உள்ளே கிளட்ச் தட்டு வைத்த லிமிட்டெட் ஸ்லிப். துளிகூட நகராமல், நியூட்ரலில் போட்டதும் இரண்டும் ஒரே திசையில் ஒன்றாகச் சுற்றினால் யாரோ வெல்ட் பண்ணிப் பூட்டியிருக்கிறார்கள். அந்தக் காரைச் சாலையில் ஓட்டும் எண்ணமே வேண்டாம்.

இந்தச் சோதனையை நியூட்ரலில் செய்து முடிவுக்கு வராதீர்கள். எதிர்ச் சக்கரத்தின் பிரேக் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருந்தாலே போதும், அது நின்றுவிட்டு ஷாஃப்ட் சுற்றும், உங்களுக்கு ஒன்றும் புரியாது. இதில் இன்னொரு சிக்கல், பல்சக்கரங்களாலேயே வேலை செய்யும் குவைஃப் கம்பெனியுடையது போன்ற லிமிட்டெட் ஸ்லிப் வகை. கையால் சுற்றும்போது அது ஓப்பன் போலவேதான் நடந்துகொள்ளும், கொஞ்சம் கனமாக இருக்கும், அவ்வளவே. அதை உறுதியாகச் சொல்ல ஒரே வழி கண்ணால் பார்ப்பது. டியூப் ஆக்சிலில் மூடியைத் திறந்ததும் நடுவில் ஜன்னல் போன்ற திறப்பும், குறுக்கே ஒரு பின்னும், அதில் இரண்டு சின்னப் பல்சக்கரங்களும் தெரிந்தால் ஓப்பன். ஜன்னலே இல்லாமல் மூடிய உருளையாக இருந்தால் யாரோ நல்ல பணம் செலவழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். விற்றவருக்கு அது தெரியாமல் இருந்தால் நீங்களாகப் போய்ச் சொல்லவேண்டாம்.

நண்பரின் 1966 கார் என்ன ஆயிற்று? டியூப் ஆக்சில், நடுவில் ஒரே நட்டு உள்ள அசல் ஸ்போக் வீல் வகை, ஓப்பன், இருபது சுற்றுக்கு 39-ம் துளியும். டியூப்புக்கான சீல் வரவழைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் மாட்டிவிட்டோம். பழைய பாஞ்சோ சீல் இரண்டும் இன்னும் அவர் கராஜ் அலமாரியில் கிடக்கின்றன.